உணவும் உணர்வும்: எந்தப் பக்கத்திலிருந்து கேட்பது?

1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக விளையாட்டரங்கின் அடியில் இருந்த ஆய்வுக்கூடத்தில் 36 இளைஞர்கள் வந்து தங்கினார்கள். மனச்சாட்சி இடம் தராததால் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் அவர்கள். போரால் பசித்துக் கிடந்த ஐரோப்பிய மக்களுக்கு மீண்டும் எப்படி உணவூட்டுவது என்று கண்டறிய உதவுவதற்காகத் தாமாக முன்வந்திருந்தார்கள். உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் நடத்திய அந்த ஆய்வுக்கு உடலும் மனமும் திடமாக இருப்பவர்களையே பொறுக்கி எடுத்தார்கள். முதல் 12 வாரம் வயிறார உணவு. அடுத்த 24 வாரம் ஏறத்தாழ அதில் பாதிதான். நாளுக்கு 1,570 கலோரி அளவில், இரண்டு வேளை, உருளைக்கிழங்கு, டர்னிப், கறுப்பு ரொட்டி, மாக்கரோனி. அவர்களுடைய உடல் எடையில் கால் பங்கு கரைந்துபோனது.

எடை குறைந்ததில் வியப்பில்லை. மனத்துக்கு நேர்ந்ததுதான் கீஸ் குழுவினரை உலுக்கியது. சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். படிப்பிலும் அரசியலிலும் காதலிலும் நாட்டம் போயிற்று. சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்துப் படுக்கையில் கிடந்து படித்தார்கள். தட்டை நக்கினார்கள். ஒரு வேளை உணவைக் குழைத்து, கலந்து, நெடுநேரம் இழுத்து உண்டார்கள். ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை மூண்டது. உணவைக் கூட்டத் தொடங்கிய மீட்புக் காலத்தில் ஒருவர் கோடரியால் தன் கைவிரல்கள் மூன்றை வெட்டிக்கொண்டார். உணவு திரும்பக் கிடைத்த பிறகும் பலருக்கு வயிறு நிரம்பிய உணர்வே வரவில்லை. நிறுத்த முடியாமல் உண்டு உடம்புக்கு முடியாமல் போனவர்களும் உண்டு. இவ்வளவும் 1950இல் வெளியான இரண்டு பெரிய தொகுதிகளில் பதிவாகியிருக்கிறது.

உணவும் மனநலமும் என்று பேச்செடுத்தால், கவலை வந்தால் சிப்ஸ் பாக்கெட்டைத் தேடுகிறோம், அதை எப்படி அடக்குவது என்ற இடத்தில்தான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அந்தத் தொடக்கமே கோணலானது என்பது என் கருத்து. எழுபது, எண்பது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், உணர்ச்சி நம்மை எவ்வளவு உண்ண வைக்கிறது என்ற கேள்விக்குக் கிடைத்திருக்கும் விடைகள் தளர்ந்தவை. உணவு இல்லாமை, உணவை நாமே மறுத்துக்கொள்ளுதல், பிறர் நமக்கு மறுத்தல் ஆகியவை மனத்தை என்ன செய்கின்றன என்ற கேள்விக்குக் கிடைத்தவை அவற்றைவிட உறுதியானவை. ஆனால் புத்தகங்களும் காணொளிகளும் முதல் கேள்வியையே மீண்டும் மீண்டும் கேட்கின்றன.

முதல் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஹில்டே புரூக், 1973இல் எழுதிய நூலில் ஒரு விளக்கம் தந்தார். குழந்தை எதற்கு அழுதாலும் வாயில் பாலையோ தீனியையோ வைத்து அடக்கினால், அது வளர்ந்த பிறகு பசிக்கும் துயரத்துக்கும் வேறுபாடு தெரியாமல் தவிக்கும் என்றார். நோயாளிகளிடம் நெருங்கிப் பழகி எழுந்த கருத்து அது. அதே காலத்தில் உளவியலாளர் ஸ்டான்லி ஷாக்டர் வேறு வழியில் போனார். உடல் பருத்தவர்கள் வயிற்றின் குறிப்பைக் கேட்காமல் கடிகாரம், மணம், கண்ணில் படும் தட்டு போன்ற வெளிக்குறிப்புகளுக்கே ஆட்படுகிறார்கள் என்றார். கடிகாரத்தை முன்னதாகத் திருப்பி வைத்துப் பிஸ்கட் கொடுத்துப் பார்த்த அவருடைய சோதனை பெயர்பெற்றது. ஆனால் 1981இல் ஜூடித் ரோடின் ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, வெளிக்குறிப்புக்கு ஆட்படுவது பருத்தவர்களுக்கு மட்டும் உரிய குணம் அல்ல என்று காட்டினார். ஒல்லியானவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் ஏராளம்.

1975இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் செய்த சிறிய சோதனை இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. மாணவியர் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோர் முன்னும் ஐஸ்கிரீமை வைத்து, சுவை பார்த்துச் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம் என்றார்கள். உணவைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள், இயல்புதானே. எடைக்காக எப்போதும் வாயைக் கட்டி வாழ்ந்தவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகு கூடுதலாக உண்டார்கள். இன்றைய கணக்கு எப்படியும் கெட்டுவிட்டது என்ற எண்ணம் வந்ததும் கட்டு அறுந்துவிடுகிறது. டயட்டில் இருக்கும் யாரிடம் கேட்டாலும் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

பிறகு கேள்வித்தாள்கள் வந்தன. நெதர்லாந்தில் தத்யானா வான் ஸ்ட்ரீன் குழுவினர் 1986இல் வெளியிட்ட 33 கேள்விகள் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. மனம் வாடும்போது உண்கிறீர்களா, கண்ணில் பட்டால் உண்கிறீர்களா, வாயைக் கட்டுகிறீர்களா என்று மூன்று வகையாக அவை பிரித்துக் கேட்கின்றன. தங்களை உணர்ச்சிவசப்பட்டு உண்பவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் உண்மையில் அப்படி உண்கிறார்களா என்று ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது படம் கலங்கியது. 2018இல் கேத்தரின் எவர்ஸ் குழுவினர் 50க்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்தார்கள். சோகத்தையும் பதற்றத்தையும் தூண்டியபோது உணவு கூடியது, வாயைக் கட்டி வாழ்கிறவர்களிடம்தான். உணர்ச்சியால் உண்பவன் என்று தானே சொல்லிக்கொண்டவரிடம் அந்த விளைவு தெளிவாக இல்லை. மகிழ்ச்சியைத் தூண்டியபோது எல்லோருமே கொஞ்சம் கூடுதலாக உண்டார்கள். கல்யாணப் பந்தியைப் பார்த்த நமக்கு இதற்கு ஆய்வே தேவையில்லை, ஆனால் நூல்கள் மகிழ்ச்சியை மறந்துவிட்டுத் துயரத்தை மட்டுமே பேசுகின்றன.

துயரத்தில் கூடுதலாக உண்பவர்கள் வாயைக் கட்டி வாழ்கிறவர்களே என்ற முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். நான் மனசு சரியில்லாமல் தின்றுவிட்டேன் என்று சொல்லும் பெண்ணிடம், அதற்கு முன் அன்று காலையும் மதியமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும் என்று அது சொல்கிறது. காலையில் காபி, மதியம் இரண்டு வாய் சாலட், இரவு பத்து மணிக்கு அடுப்படியில் நின்றபடி மிச்சமிருந்த அத்தனையும் என்றால், அங்கே உணர்ச்சிக்கு முன்னால் பசி வந்து நிற்கிறது.

நெருக்கடி பசியை எப்படி மாற்றுகிறது என்பதற்கு உடலியல் விளக்கமும் இருக்கிறது. திடீர் அதிர்ச்சியில் அட்ரினலின் பெருகும்போது பசி அடங்கும். பரீட்சை அறைக்குப் போகும் முன் தோசை தொண்டையில் இறங்காதது அதனால்தான். நாள்பட்ட நெருக்கடியில் கார்ட்டிசால் உயர்ந்தே இருந்தால் நிலைமை புரள்கிறது, இனிப்பும் கொழுப்பும் வேண்டியிருக்கிறது. 2003இல் மேரி டால்மன் குழுவினர் எலிகளை வைத்து இதை ஆராய்ந்து, அத்தகைய உணவு மூளையின் நெருக்கடி வினையைத் தணிக்கிறது என்ற கருதுகோளை முன்வைத்தார்கள். மனிதரிடம் அது அப்படியே பொருந்திவிடவில்லை. 2014இல் மினசோட்டாவிலேயே டிரேசி மேன் குழுவினர் சோகமான காட்சிகளைக் காட்டி, பிறகு ஒவ்வொருவருக்கும் அவரவருக்கு ஆறுதல் தரும் தீனியையோ வேறு உணவையோ கொடுத்துப் பார்த்தார்கள், சிலருக்கு எதுவுமே கொடுக்கவில்லை. எல்லோருக்கும் மனம் தேறியது, ஏறக்குறைய ஒரே அளவில். சாக்லேட் தன் வேலையென்று பெயர் வாங்கிக்கொள்வதைக் காலமே செய்துவிடுகிறது.

தூக்கத்தைப் பற்றி ஒரு சொல் இங்கே சேர்த்துவிடுகிறேன். 2004இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டுமே உறங்க விட்டபோது, நிறைவைச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. ஆய்வு சிறியதுதான். ஆனால் இரவுப் பணி முடித்து விடியலில் பரோட்டா தேடும் இளைஞனை ஒழுக்கம் கெட்டவனாகப் பார்க்கிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

உணவையே மருந்தாகக் கொடுத்தால் மனச்சோர்வு தீருமா? இங்கே நம்பிக்கையும் மிகைப்பேச்சும் சேர்ந்தே ஓடுகின்றன. உடலின் செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் உருவாகிறது, ஆகவே குடலைச் சரிசெய்தால் மனம் சரியாகும் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். முதல் பாதி உண்மை. குடலில் உருவாகும் செரட்டோனின் குருதிக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பைத் தாண்டிப் போவதில்லை என்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள். குடலுக்கும் மூளைக்கும் உரையாடல் இருப்பது மெய். வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பகுதி கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. அந்த உரையாடலை ஒரு கிண்ணம் தயிரால் நினைத்தபடி திருப்பிவிடலாம் என்பதற்குச் சான்று இல்லை.

முறையான சோதனை என்று எடுத்தால் 2017இல் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தில் ஃபெலிஸ் ஜாக்கா வெளியிட்டதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மிதமானது முதல் கடுமையானது வரையான மனச்சோர்வு உள்ள 67 பேரில் ஒரு பாதியினருக்கு 12 வாரம் உணவியலாளரின் வழிகாட்டுதல் கிடைத்தது. முழுத்தானியம், பயறு, காய்கறி, பழம், மீன், கொட்டைகள், ஆலிவ் எண்ணெய் என்று அவர்கள் உணவை மாற்றினார்கள். மறுபாதியினருடன் அதே அளவு நேரம் ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். உணவு மாற்றியவர்களில் 32.3 சதவீதத்தினர் நோய் நீங்கும் நிலைக்கு வந்தார்கள், பேச்சுத்துணை பெற்றவர்களில் 8 சதவீதம். பெரும்பாலோர் ஏற்கெனவே மருந்தோ மனநல ஆலோசனையோ பெற்று வந்தவர்கள், ஆகவே உணவு அவற்றுக்குத் துணையாக நின்றது, மாற்றாக அல்ல. தான் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது உண்பவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை என்பதும் இத்தகைய சோதனையின் நிரந்தரக் குறை. கம்பும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் மத்தி மீனும் பச்சைப்பயறும் கொண்ட நம் உணவை வைத்து இதைப் பெரிய அளவில் செய்து பார்க்க வேண்டும், ஆலிவ் எண்ணெய் வாங்கச் சொல்லி அறிவுரை கூறுவதற்கு முன்னால்.

மாத்திரையாக விற்கும் சத்துகளின் கதை வேறு. ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் 1,025 பேரிடம் நடந்து 2019இல் வெளிவந்த மூட்ஃபுட் சோதனையில் பலசத்து மாத்திரை மனச்சோர்வைத் தடுக்கவில்லை. 2020இல் அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்டோரிடம் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்ததிலும் அதே முடிவு. குறைபாடு உள்ளவருக்கு நிலைமை மாறும். பி12 குறைந்தால் சோர்வும் குழப்பமும் மனச்சோர்வும் வரலாம், அதை ஊசியோ மாத்திரையோ தீர்க்கும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். எழுந்திருக்கவே முடியவில்லை, எதிலும் மனம் செல்லவில்லை என்று ஒரு பெண் சொன்னால் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பார்க்காமல் மனச்சோர்வு என்று எழுதுவது தவறு, அவற்றை மட்டும் பார்த்துவிட்டு மனத்தை விசாரிக்காமல் அனுப்புவதும் தவறு.

மனச்சோர்வே பசியை இரண்டு திசையில் இழுக்கும். பலருக்குச் சோறு இறங்காது, எடை குறையும். சிலருக்குப் பசியும் உறக்கமும் கூடும். பின்னவர்களை வீட்டார் நோயாளிகளாகவே நினைப்பதில்லை. நல்லாத்தானே சாப்பிடுறா என்கிறார்கள். மனச்சோர்வு அரிய நோயும் அல்ல: சென்னையில் 25,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வு, 15.1 சதவீதத்தினரிடம் மனச்சோர்வு இருப்பதாகக் கண்டது. வருமானம் குறைந்தவர்களிடம் அது கூடுதலாக இருந்தது.

மருந்துகளும் பசியை மாற்றுகின்றன. ஓலான்சபின், குளோசபின் போன்ற மனச்சிதைவு மருந்துகளும் மர்டசபின் என்ற மனச்சோர்வு மருந்தும் பசியை ஏற்றி எடையைக் கூட்டுகின்றன. நோய் தணிந்து வரும் வேளையில் ஆறு மாதத்தில் உடைகள் பத்தாமல் போகும் ஒரு பெண், யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறாள். பிறகு நோய் திரும்பும்போது பழி அவள் மேல் விழுகிறது. எடை கூடும் என்பதை முதல் நாளே சொல்லி, மாதாமாதம் எடை பார்த்து, தேவைப்பட்டால் மருந்தை மாற்றவோ மெட்ஃபார்மின் சேர்க்கவோ மருத்துவரால் முடியும். அந்த உரையாடல் நம் புறநோயாளிப் பிரிவுகளில் நடப்பதற்கு நேரம் ஒதுக்கப்பட வேண்டும்.

உணவுக் கோளாறுகள் என்ற தனி நோய்களில் பட்டினியின் பங்கு இன்னும் வெளிப்படை. உடலை வற்றவிடும் அனோரெக்சியா 1870களிலேயே பிரான்சிலும் இங்கிலாந்திலும் விவரிக்கப்பட்டது. மட்டுமீறி உண்டு வாந்தியெடுக்கும் புலிமியாவை 1979இல் லண்டனின் ஜெரால்ட் ரசல் வரையறுத்தார். இவை மேற்கத்திய நோய்கள் என்ற எண்ணத்தை ஃபிஜித் தீவு உடைத்தது. அங்கே வாட்டசாட்டமான உடலே அழகு. யாராவது சரியாகச் சாப்பிடவில்லை என்றால் மதாகே என்னும் நோய் வந்துவிட்டதென்று உறவினர்கள் பதறுவார்கள். 1995இல் நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆய்வாளர் ஆன் பெக்கர் பள்ளி மாணவியரை அந்த ஆண்டும் 1998இலும் ஆராய்ந்தார். உணவு பற்றிய கேள்வித்தாளில் கவலைக்குரிய மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 ஆனார்கள். எடை குறைக்க வாந்தி எடுப்பது முதலில் ஒருவரிடமும் இல்லை, மூன்றாண்டில் 11.3 சதவீதம்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1993இல் ஹாங்காங்கின் சிங் லீ, 70 அனோரெக்சியா நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரிடம் பருத்துவிடுவோம் என்ற அச்சமே இல்லை என்று காட்டினார். வயிறு உப்புசம், பசியில்லை என்றுதான் அவர்கள் சொன்னார்கள். இந்தியாவில் 1998இல் வெளியான ஓர் ஆய்வும், மேற்கத்திய வரையறைக்குள் முழுதாக அடங்காத உணவு சார்ந்த தவிப்பு ஒன்றைத் தனியாக அடையாளம் கண்டது. நம் ஊரில் இப்படி மெலியும் பெண் முதலில் வயிற்று மருத்துவரிடம் போகிறாள், பிறகு கோயிலுக்கு, கடைசியாகத்தான் மனநல மருத்துவரிடம். பருக்க பயமா என்று மட்டும் கேட்டால் அவளும் இல்லை என்றே சொல்வாள்.

இந்த நோய்களுக்குப் பலன் தரும் சிகிச்சைகள் எங்கே தொடங்குகின்றன என்று பாருங்கள். ஆக்ஸ்போர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த முறை, நாளுக்கு மூன்று வேளையும் இடையில் இரண்டு, மூன்று சிற்றுண்டியும் தவறாமல் உண்ண வைப்பதை முதற்படியாகக் கொள்கிறது. லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பமுறை, பதின்வயதுப் பிள்ளைக்கு உணவூட்டும் பொறுப்பைப் பெற்றோரிடம் கொடுக்கிறது. பட்டினி கிடக்கும் மூளையால் தன்னைப் பற்றிச் சரியாக யோசிக்க முடியாது என்ற மினசோட்டாப் பாடம் இரண்டிலும் அடித்தளமாக இருக்கிறது.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி, சோற்றுக்குக் குறைவில்லாத நாடுகளின் கேள்வி. 149 நாடுகளின் தரவை வைத்து ஆண்ட்ரூ ஜோன்ஸ் 2017இல் வெளியிட்ட ஆய்வு, அடுத்த வேளை உணவு உறுதியில்லாதவர்களின் மனநலம் எல்லா வட்டாரங்களிலும் தாழ்ந்திருப்பதைக் காட்டியது. பிள்ளைக்குக் கொடுக்க என்ன இருக்கிறது என்ற கணக்கும், கடைக்காரரிடம் மீண்டும் கடன் கேட்கும் கூச்சமும் வயிற்றுப் பசிக்கு மேலே ஒரு சுமை. தமிழ்நாட்டின் சத்துணவையும் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும் நான் மனநலத் திட்டங்களாகவும் பார்க்கிறேன். குழந்தைக்கு இன்று காலை உண்டு என்று ஒரு தாய்க்குத் தெரிவது அவள் பதற்றத்தில் ஒரு பங்கைக் குறைக்கும்.

வீட்டில் உணவு இருந்தும் கிடைக்காமல் போவதும் உண்டு. பீகார், ஜார்கண்ட், மகாராஷ்டிரத்துப் பெண்களிடம் பாயல் ஹாத்தி, டயான் காஃபி முதலானோர் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்கள் உண்ட பிறகு கடைசியில் உண்ணும் பெண்களின் மனநலம் சேர்ந்து உண்பவர்களைவிடத் தாழ்ந்திருந்தது. வறுமையைக் கணக்கில் சேர்த்த பிறகும் அந்த வேறுபாடு போகவில்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பை வழித்துக்கொள்ளும் பெண்கள் தமிழ் வீடுகளிலும் இருக்கிறார்கள் என்பதை நமக்கு யாரும் ஆராய்ந்து சொல்ல வேண்டியதில்லை. அதைத் தியாகம் என்று புகழ்வதை நாம் நிறுத்த வேண்டும்.

தாயின் மனம் குழந்தையின் உடலில் தெரிகிறது. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் ஊட்டச்சத்துக் குறைந்த 72 குழந்தைகளையும் நல்ல வளர்ச்சியுள்ள 72 குழந்தைகளையும் ஒப்பிட்டு, 2004இல் வெளிவந்த ஆய்வு, முதல் வகைக் குழந்தைகளின் தாய்மாரிடம் பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு மிகவும் கூடுதலாக இருந்ததைக் கண்டது. கோவாவிலும் அதே போன்ற முடிவு கிடைத்தது. சோர்ந்து படுத்திருக்கும் தாயால் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை பிள்ளைக்குப் பிசைந்து ஊட்ட முடியுமா?

அப்படியென்றால் தாயின் மனச்சோர்வைத் தீர்த்தால் குழந்தை வளர்ந்துவிடுமா? பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் அதீப் ரஹ்மான் குழுவினர் இதைச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். ஊர் சுகாதாரப் பெண் பணியாளர்களே வீடுவீடாகப் போய்ப் பேசி உதவினார்கள். ஆறு மாதத்தில் மனச்சோர்வு நீடித்தது அவர்கள் போன இடத்தில் 23 சதவீதத்தினரிடம், ஒப்பீட்டுக் குழுவில் 53 சதவீதத்தினரிடம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி கூடியது. எடையிலும் உயரத்திலும் மட்டும் பொருட்படுத்தத்தக்க மாற்றம் இல்லை. மனத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்த பிறகும் சட்டியில் இருப்பது அவ்வளவுதான் என்றால் குழந்தையின் எடை ஏறாது.

மனச்சோர்வை அளக்க மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஒன்பது கேள்விப் பட்டியலில் ஐந்தாவது கேள்வி உணவைப் பற்றியது. கடந்த இரண்டு வாரத்தில் பசி குறைந்ததா, அளவுக்கு மீறி உண்டீர்களா என்று அது கேட்கிறது. வீட்டில் அரிசி இருந்ததா, நீங்கள் யாருக்குப் பிறகு உண்டீர்கள், எடைக்காக எத்தனை வேளை விட்டுவிட்டீர்கள் என்று அதில் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கு வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பணியாளர்கள் இந்த மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம். அதற்குப் புதிய கருவி வேண்டாம், சில நிமிடங்கள் போதும். வரும் விடையைப் பொறுத்து ரேஷன் அட்டைக்கா, சத்துணவு மையத்துக்கா, மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவருக்கா, எங்கே அனுப்புவது என்ற ஏற்பாட்டையும் அரசு அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.